தேறாது டாக்டர்

அந்தக் காலத்தில் மொன்ட்ரியாலில் இருந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எல்லாம் தீபாவளிக்கு ஒரே வீட்டு பேஸ்மெண்டில் அடங்கிவிடும். பேராசிரியர்கள், பொறியாளர்கள், டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார், கம்பளிக்குள் பொதிந்த பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் டாக்டருக்குப் பட்டப்பெயர் இருந்தது: தேறாது டாக்டர். அவர் காதில் விழும்படி சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஒருமுறை நான் வாய் தவறி உளறிவிட்டபோது, "தெரியும். தேறும்னு நான் சொன்னதை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை" என்றார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நேரில் பார்த்தவள் நான். எங்களுக்கு அது கனடாவில் முதல் தீபாவளி. கையில் பலகாரத் தட்டுடன் ஒரு பேராசிரியர் அவரிடம் வந்தார். கும்பகோணத்தில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். மூச்சு வாங்குகிறதாம், கால் வீங்கியிருக்கிறதாம், ஆனாலும் இப்போது பரவாயில்லையாம். கோடை விடுமுறையில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆமாம் என்ற பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு நின்றார். டாக்டர் நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "கோடை வரைக்கும் இருக்க மாட்டாங்க. இப்பவே கிளம்புங்க" என்றார்.

பேராசிரியரின் மனைவி அழ ஆரம்பித்தார். பண்டிகை நாளில் இப்படியா பேசுவது என்று ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள். பேராசிரியர் அந்த வாரமே விமானம் ஏறினார். கடைசி நாட்களில் தாயார் பக்கத்திலேயே இருந்து, காரியமெல்லாம் முடித்துத் திரும்பினார். அதன்பிறகு அவர் டாக்டரிடம் நன்றியும் சொல்லவில்லை, சண்டையும் போடவில்லை. எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். டாக்டர் எதையும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கோயம்புத்தூர்க்காரர். நல்ல உயரம். புடவைமேல் ஆண்கள் போடும் கனத்த ஓவர்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக நடந்து வருவதை ஒரு மைல் தள்ளியே அடையாளம் தெரியும். அவர் குடியிருந்த கர்க்லாண்ட் புறநகர் அப்போது பாதி வயல், பாதி புது வீடு. அவர் வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவரின் பண்ணை. என் வீட்டுக்காரர் எஞ்சினியர். டோர்வலில் வாடகைக்கு இருந்த நாங்கள், கொஞ்சம் வசதி வந்ததும் டாக்டருக்கு அடுத்த வீட்டை வாங்கினோம்.

குடிவந்த வாரத்தில் அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். சர்க்கரையே இல்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல சர்க்கரை எல்லாம் அதுகளுக்கு" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே வேலியோரம் வெள்ளை அடித்த மரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. தேனீப் பெட்டிகள். இலையுதிர் காலம் வந்தால் அவர் காரின் பின்பக்கம் தரையைத் தொடும் அளவுக்குச் சர்க்கரை மூட்டை வாங்கி வருவார். தெருமுனையில் தெப்பானர் என்று சொல்லும் சின்ன மளிகைக் கடைக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அந்த மதாம் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

தேனீ அவரிடம் வந்தது இப்படி. அந்த வீட்டுக்கு வந்த முதல் இலையுதிர் காலத்தில், பின்பக்கத்துக் கிழவர் தன் பெட்டிகளுக்குள் ஏதோ பொடியைத் தூவி மூடுவதை டாக்டர் பார்த்தாராம். கொஞ்ச நேரத்தில் பெட்டிகள் அடங்கிப்போயின. வேலியருகே போய் விசாரித்தார். விஷப் பொடி. தேனை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களாம். நீளக் குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுக் காப்பாற்றுவதைவிட, வசந்தத்தில் தெற்கேயிருந்து புதிதாக வாங்குவது லாபம் என்றார் கிழவர். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், மதாம்.

"கொல்லப் போறதை எனக்குக் குடுங்க" என்று இவர் கேட்டார். கிழவர் சிரித்தபடி இருந்ததிலேயே நோஞ்சானாக இரண்டு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

இரண்டும் அந்தக் குளிர்காலத்திலேயே செத்துப்போயின. இவர் விடவில்லை. சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு தேனடையாக எடுத்துவைத்துப் பார்த்தார். அதை என்னிடம் சொல்லும்போது, ஆஸ்பத்திரி விவரம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"ரெண்டுமே குளிரால சாகலை. ஒண்ணு ஈரத்துல செத்திருக்கு. அதுக மூச்சே மேல போய் மூடியில தண்ணியாகி, திரும்ப அதுக மேலேயே சொட்டியிருக்கு. இன்னொண்ணு பட்டினி."

"தேன் தீர்ந்துபோச்சா?"

"தேன் ரெண்டு விரல் தள்ளி இருந்துது. கூட்டம் சின்னது. ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் சூடு. பிரிஞ்சு அந்த ரெண்டு விரல் தூரம் போக முடியலை."

அதற்கடுத்த வருஷத்திலிருந்து அவர் வேலை முறைப்பட்டது. கிழவர் தரும் நோஞ்சான் கூட்டங்களை வாங்கிக்கொள்வார். குளிர் தொடங்கும் முன்பே கெட்டிப் பாகு காய்ச்சி வயிறு முட்டக் கொடுப்பார். ஈரத்தை உறிஞ்ச மூடிக்குக் கீழே காய்ந்த இலை அடைத்த கோணிப்பை. பட்டினி கிடக்காமலிருக்கக் கூட்டத்தின் தலைமேலேயே சர்க்கரைக் கட்டி. பலமான பெட்டிகள் தார்க் காகிதம் சுற்றிக்கொண்டு வெளியே நிற்கும். மிகவும் பலவீனமானவற்றைத் தன் பேஸ்மெண்டுக்குள் இறக்கிவிடுவார். அங்கே ஹீட்டர் கிடையாது. ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். தண்ணீர் உறையாத அளவுக்குக் குளிர், நல்ல இருட்டு. சூடோ வெளிச்சமோ பட்டால் வசந்தம் வந்துவிட்டதென்று நினைத்து வெளியே பறந்து செத்துப்போகும் என்பார். மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, பேச்சு நின்ற இடைவெளியில், தரைக்குக் கீழேயிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். சிலசமயம் கீழே இறங்கிப் பெட்டியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு வருவார்.

பெட்டிகளைத் தரம் பிரிக்கும் நாளில் நானும் கூட இருந்திருக்கிறேன். பெட்டியின் பின்பக்கத்தை ஒற்றைக் கையால் கொஞ்சம் தூக்கி எடை பார்ப்பார். மூடியைத் திறந்து ஒரு பார்வை. "தேறும்." அடுத்த பெட்டி. "தேறும்." அடுத்தது. "தேறாது." அந்தச் சொல்லுக்குப் பிறகு தயக்கமே இல்லை. தேறாத கூட்டத்தை வேறொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவார். நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டியை அடுக்குவார். இரண்டு பக்கமும் காகிதத்தைக் கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் வாசனை பழகி ஒன்றாகிவிடும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு ஒரு ராணிதான். அதனால் அன்று அடுக்குவதற்கு முன்பு பலவீனமான ராணியைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார்.

"பாவம் இல்லையா அக்கா?" என்றேன்.

"பாவம்தான்" என்று சொல்லி அழுத்தினார்.

எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பாவமில்லை என்று சொல்லியிருந்தால்கூட இறங்கியிருக்கும்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். எதைக் கேட்டாலும் "எல்லாம் சரியாயிடும்" என்பார். அவருக்கும் டாக்டருக்கும் ஒத்துப்போனது எனக்கு ஆச்சரியம். "டாக்டர், ஒரே ஒரு தடவை சும்மா சொல்லுங்களேன், எல்லாம் தேறும்னு" என்று சீண்டுவார். டாக்டர் யோசித்துவிட்டு, "சொல்லலாம். அப்புறம் நான் தேறும்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்பார்.

ஒரு வருஷம் ஜனவரியில் எனக்குக் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம் முடிவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் தலை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். தங்கள் அத்தை பெண் இதைவிடச் சின்னதாகப் பிறந்து இப்போது கல்லூரியில் படிக்கிறாள் என்றார்கள். முருகன் காப்பாற்றுவான் என்றார்கள். டாக்டர் வேலை முடித்து நேராக வருவார். கண்ணாடி வழியே நின்று பார்ப்பார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னக்கா?"

"இன்னும் சொல்ல முடியாது."

மறுநாளும் வருவார். மறுநாளும் அதேதான். அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அவர் வராத ஒருநாள், அந்த 'இன்னும் சொல்ல முடியாது' கேட்காமல் நான் தவித்துப்போனேன். மற்றவர்கள் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் அவர்கள் லிப்டில் இறங்கும்போதே கூட இறங்கிப்போய்விடும். இவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. தேறாது என்று அவர் சொல்லவில்லையே!

பிப்ரவரி கடைசியில் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மார்ச் வந்தது. இனிமேல் பெரிதாக ஒன்றும் வராது என்று ஊரே நினைத்திருந்தபோது அந்தப் பனிப்புயல் வந்தது.

என் வீட்டுக்காரர் நகரத்தில் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டார். காலையில் போன் செய்து, "பஸ், காரு, ஒண்ணும் ஓடலை. நீ பயப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்றார். அதற்குப் பிறகு போனும் செத்தது. மின்சாரம் அதற்கு முன்பே போயிருந்தது. எண்ணெயில் எரியும் ஹீட்டர்தான், ஆனால் மின்சாரம் இல்லாமல் அது ஓடாது. கீழ் ஜன்னல்களை வெண்பனி மூடிவிட்டது. பட்டப்பகலில் வீட்டுக்குள் மங்கலான ஒரு நீல வெளிச்சம். நான் குழந்தையைக் கம்பளிமேல் கம்பளியாகச் சுற்றினேன். நண்பகலுக்கு அவள் பால் குடிப்பதை நிறுத்தினாள். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே மண்வெட்டிச் சத்தம். பிறகு டாக்டரின் குரல்.

"உள்ளேர்ந்து தள்ளு! இன்னும் தள்ளு!"

கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. புருவமெல்லாம் பனி. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குழந்தையின் பாதத்தைத் தொட்டார், கால் நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"எப்பக் குடிச்சா?"

"காலையில கொஞ்சம். அப்புறம் வாயே வைக்கலை. அக்கா, ஆஸ்பத்திரிக்கு…"

"ரோடே இல்லை."

"இவளுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தெரியாது. என் வீட்டுல விறகு அடுப்பு இருக்கு. வா."

குழந்தையைத் தன் புடவைக்குள், உடம்போடு ஒட்டி வைத்து, மேலே ஓவர்கோட்டைப் பொத்தானிட்டுக்கொண்டார். அவர் வெட்டி வந்த வழியில் அவருடைய காலடிக்குள்ளேயே நான் கால் வைத்து நடந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

பேஸ்மெண்டுக்குப் போகும் படியில் முதல் அடி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டின் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன அந்த அடுப்பு பேஸ்மெண்டின் நடுவில் இருந்தது. சுவரோரம் ஆறு பெட்டிகள். அக்டோபரிலிருந்து இருட்டிலும் அமைதியிலும் வைத்துக் காத்த கூட்டங்கள்.

"அக்கா, பெட்டிங்க இருக்கே."

"இருக்கு. நீ இறங்கு."

இருந்த விறகு கொஞ்சம். அது தீர்ந்ததும், அடுத்த கோடைக்காக அடுக்கிவைத்திருந்த காலிப் பெட்டிகளையும் தேனடை கட்டும் மரச் சட்டங்களையும் காலால் மிதித்து உடைத்து அடுப்பில் போட்டார். சட்டத்தில் ஒட்டியிருந்த மெழுகு சடசடவென்று எரிந்தது. அறை முழுவதும் தேன் வாசனை. என் ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லி, குழந்தையை நெஞ்சோடு ஒட்டவைத்து, இரண்டு பேரையும் ஒரே கம்பளியில் சுற்றி அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். ஸ்பூனில் பால் பிழிந்து சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்.

குழந்தையின் பாதம் முதலில் என் வயிற்றில் ஐஸ்கட்டி போல இருந்தது. வெகுநேரம் அப்படியேதான் இருந்தது. பிறகு அந்தக் குளிர்ச்சி எங்கே முடிகிறது, என் தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போனது. அதற்குள் சுவரோரம் ரீங்காரம் மாறியிருந்தது. முதலில் தூரத்துச் சத்தம் போல இருந்தது, இரைச்சலாக ஏறியது. ஒரு தேனீ வெளியே வந்தது. பிறகு நாலைந்து. பிறகு பெட்டிகளின் வாசல்தோறும் கொத்துக் கொத்தாக. அடுப்பின் வெளிச்சத்தை நோக்கி வந்து இரும்பில் மோதி விழுந்தன. என்னைக் கொட்டியது ஒன்றுதான். மற்றவற்றுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை.

"வாசலை அடைச்சுடலாமா அக்கா?"

"அடைச்சா உள்ளேயே வெந்து சாகும்."

"குழந்தை கொஞ்சம் சூடாயிட்டா. அடுப்பை வேணா…"

"பேசாம உக்காரு."

அவர் முதல் பெட்டியைத் தூக்கினார். பலவீனமான கூட்டம், கனமில்லாத பெட்டி. மார்போடு அணைத்துப் படியேறினார். அப்போதுதான் மேலே யாரோ கதவைத் தட்டினார்கள். புகையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்துக் கிழவர் பனிமேல் நடக்கும் அகலக் காலணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கீழே எட்டிப்பார்த்தார். அடுப்பு, நான், கம்பளிக்குள் குழந்தை, தரையெல்லாம் தேனீ. தலையிலிருந்த தொப்பியை எடுத்துவிட்டார்.

இருவருமாக ஆறு பெட்டியையும் வெளியே எடுத்துப்போய், காற்றடிக்காத சுவர்ப் பக்கம் பனியைத் தோண்டி வைத்து, மேலேயும் பனியைத் தள்ளி மூடினார்கள். "பனி சூடானது, மதாம். போர்வை மாதிரி" என்று கிழவர் சொன்னது படிக்கட்டு வழியாக எனக்குக் கேட்டது. "தெரியும்" என்றார் டாக்டர், தன் உடைந்த பிரெஞ்சில். "ஆனா சூட்டுல கலைஞ்சுபோன கூட்டம். திரும்ப ஒண்ணு சேரணும்."

திரும்பி வந்து, கீழே விழுந்து கிடந்தவற்றை மிதித்துவிடாமல் ஓரமாக நடந்து, இன்னொரு சட்டத்தை உடைத்து அடுப்பில் போட்டார்.

சாயங்காலம் குழந்தை அழுதாள். வீடு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். வாய்வைத்துக் குடித்தாள். மின்சாரம் வரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். என் வீட்டுக்காரர் கடைசி சில மைல்களை நடந்தே வந்துசேர்ந்தார். பேஸ்மெண்டில் எங்களைப் பார்த்து அழுதுகொண்டே, "தேறிடுவாள்ல டாக்டர்?" என்று கேட்டார்.

"இன்னிக்குப் பால் குடிச்சிருக்கா" என்றார் டாக்டர்.

என் மகளைப் பற்றி 'தேறும்' என்ற சொல்லை அவர் எப்போது சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. சொன்னாரா என்பதே சந்தேகம். அவள் நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், அவர் மடியில் உட்கார்ந்து பிரெஞ்சில் பாட்டுப் பாடினாள். எழுபதுகளின் கடைசியில், பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்து நகரத்திலிருந்து பல குடும்பங்கள் வெளியேறியபோது டாக்டரும் வேலை மாற்றிக்கொண்டு மேற்கே போனார். பெட்டிகளைக் கிழவரின் மகனுக்குக் கொடுத்தார். கிளம்பும் அன்று, "அடிக்கடி வந்து பார்ப்பீங்கல்ல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வர மாட்டேன். தூரம் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போனில் பேசுவார். பிறகு அதுவும் நின்றது.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது வருவது புயலுக்குப் பிறகு வந்த அந்த ஏப்ரல்தான்.

பனி இறங்கி, பெட்டிகளின் தலை வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. கோட் இல்லாமல் நிற்கலாம் என்று தோன்றிய முதல் நாள். டாக்டர் வேலைக்குப் போகவில்லை. கிழவரும் வந்தார். நான் குழந்தையை வெள்ளைக் கம்பளிச் சால்வையில் சுற்றி, தள்ளுவண்டியில் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

முதல் பெட்டி. மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே அசைவே இல்லை. மூடி ஓரமாக வைத்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அடைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடித் தேனீக்கள், தலையை அறைகளுக்குள் நுழைத்தபடி, வரிசை கலையாமல் இருந்தன. உயிரோடு இருக்கின்றன என்று நினைத்து நான் குனிந்தேன். அவர் விரலால் தொட்டதும் பொடிபோல உதிர்ந்தன. நாலாவதும் செத்திருந்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் உயிர் இருந்தது. நாலு போய், இரண்டு மிஞ்சியது.

"எங்களாலதானே அக்கா?" என்றேன்.

"ஆமா. அடுப்பு எரியலைன்னா குறைஞ்சது அஞ்சு பெட்டி பொழைச்சிருக்கும். ஆறுமேகூடப் பொழைச்சிருக்கலாம்."

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

அவர் ராணியை நசுக்கிய அந்த விரல்களால் செத்த தேனீக்களை அடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். "நெறைய இருக்கு."

பூச்சிதானே என்று சொல்லியிருக்கலாம். குழந்தையைவிடவா என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் அதைச் சொல்லாததால், அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார என்னால் முடிந்தது. அவர் என் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். இருவருமாக நாலு பெட்டியையும் சுத்தம் செய்தோம். கிழவர் ஒரு குழி தோண்டினார்.

வெயில் ஏறியதும், உயிரோடிருந்த இரண்டு பெட்டிகளிலிருந்தும் தேனீக்கள் வெளியே வந்தன. குளிர்காலம் முழுவதும் கூட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் அடக்கிவைத்துக்கொண்டு, முதல் நல்ல வெயிலில் வெளியே பறந்துதான் அவை வயிற்றைக் கழிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மிச்சமிருந்த பனியெங்கும் மஞ்சள் புள்ளிகள். கிழவரின் தொப்பியில், என் கையில், தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் வெள்ளைச் சால்வையில். ஊரிலிருந்து என் அம்மா பின்னி அனுப்பிய சால்வை அது. நான் பதறிப்போய்த் துடைத்தேன். இன்னும் பரவியது.

"துவைச்சா போயிடுமா அக்கா?"

டாக்டர் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"போகாது" என்றார்.